ஊசி இறங்கிய இடம்

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமைக் காலை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறியவள், வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். தூக்கம் வரவில்லை. மழை வேறு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மழைநாளில் குடை பிடித்துக்கொண்டு ஏற்றம் ஏறுவது தனிப்பாடு. காற்று குடையைப் பிடுங்கும், கீழே கல்தரை வழுக்கும். பழைய சாமான் விற்கிற ஒரு கடை திறந்திருந்தது, உள்ளே ஒதுங்கினேன்.

தரையில் நாலைந்து மரப்பெட்டிகளில் இசைத்தட்டுகள் நெட்டுக்குத்தலாக அடுக்கியிருந்தன. குனிந்து, விரல் நுனியால் ஒவ்வொன்றாக என் பக்கம் சாய்த்துக்கொண்டே போனேன். இந்த வேலையை என் கை எங்கேயும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இதே மாதிரி பெட்டிகள்தான் இருந்தன. அப்பா மைக்செட்காரர். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை என்று சுற்றுவட்டாரம் முழுக்க ரேடியோ கட்டியவர். அது பிறகு வருகிறது.

மூன்றாவது பெட்டியில் அந்த வெள்ளை அட்டை வந்தது. ஹியூமன் லீக் என்ற ஷெஃபீல்டு பாப் குழுவின் 'டேர்' ஆல்பம். 1981. ஒட்டியிருந்த சீட்டில் விலை 12 பவுண்டு, தரம் 'வெரி குட் ப்ளஸ்'. பழைய தட்டு விற்பவர்கள் தரத்தை இப்படித்தான் குறிப்பார்கள். 'மின்ட்' என்றால் புத்தம்புதுசு. 'வெரி குட் ப்ளஸ்' என்றால், ஓட்டியிருக்கிறார்கள், ஆனால் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். நான் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர், "எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், லவ்" என்றார். இந்த ஊரில் முன்பின் தெரியாதவரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் கூச்சமாக இருந்தது. இப்போது அது காதில் விழாவிட்டால்தான் ஏதோ கோபமோ என்று தோன்றுகிறது.

அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளைப் பரப்பு, அதில் ஒரு முகம், அவ்வளவுதான். பாடகர் ஃபிலிப் ஓக்கியின் முகம். கண்ணில் மை, உதட்டில் சாயம். வோக் ஃபேஷன் பத்திரிகையின் முகப்பைப் பார்த்துச் செய்த அமைப்பு இது. ஒரு படத்தின் வயதைக் காட்டிக்கொடுப்பது முடியலங்காரம்தான் என்று யோசித்து, அது தெரியாதபடி முகத்தை நெருக்கி வெட்டியிருக்கிறார்கள். யோசனை பலித்திருக்கிறது. 40 வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த முகத்தைப் பார்த்து இன்ன வருஷம் என்று சொல்ல முடியாது. வயதானது அட்டைக்குத்தான். வெள்ளை, பால் அதிகம் ஊற்றிய டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. உள்ளே இருக்கும் தட்டின் விளிம்பு அழுந்தி அழுந்தி, முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்திருந்தது. கீழ்மூலை ஒன்று நாய்க்காது மாதிரி மடங்கியிருந்தது.

உள்ளே தட்டைப் போட்டு வைத்திருந்த காகித உறையின் மேல்மூலையில் நீலப் பால்பாயின்ட் பேனாவில் ஆங்கிலத்தில் 'டி' என்ற ஒற்றை எழுத்து. அதன் கீழே 'கிறிஸ்துமஸ் 81'. எழுத்தை அழுத்தி எழுதியிருந்தார்கள். விரலால் தடவினால் பின்பக்கம் புடைப்புத் தெரிந்தது.

12 பவுண்டைக் கொடுத்துவிட்டு, மேல்கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எனக்கும் இந்தக் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், எங்கள் ஆய்வகத்துக்கு ரத்த மாதிரிகளைக் கொண்டுவந்து தரும் ஒரு போர்ட்டரைத்தான் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும் வயதில் இருப்பவர். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு ரேடியோவில் 'டோன்ட் யூ வான்ட் மீ' ஓடியது. இங்கிலாந்தில் இந்தப் பாட்டிலிருந்து யாரும் தப்ப முடியாது. கல்யாண விருந்தில் ஓடும், மதுக்கடையில் ஓடும், கிறிஸ்துமஸ் பார்ட்டியில் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு கத்துவார்கள். நான் ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கப் போனேன். அவர் கையமர்த்தி, "பாடுகிற ஆள் எங்கள் இனம், தெரியுமா? பாட வருவதற்கு முன்னால் இந்த ஊரில் மருத்துவமனைப் போர்ட்டர்" என்றார். அவர் குரலில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. அன்று காலையே தேடிப் படித்தேன். ஓக்கி போர்ட்டராக வேலை பார்த்தது உண்மைதான். குழுவைத் தொடங்கிய மார்ட்டின் வேரும் இயன் கிரெய்க் மார்ஷும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்கள். இரும்பு உருக்கும் ஊரில், பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரியில் சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவியோடு மல்லுக்கட்டிய பையன்கள்.

தட்டைக் கழுவியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சமே கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்து, மெத்தென்ற துணியால், பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே தேய்க்கக் கூடாது. லேபிளில் தண்ணீர் படக் கூடாது. முதல் துடைப்பில் துணி சாம்பலாகிவிட்டது. சிகரெட் புகையும் வீட்டுத் தூசியும் சேர்ந்த நிறம் அது. இரண்டாவது துடைப்பில் மஞ்சள். மூன்றாவதில் துணி சுத்தமாக வந்தது. பாத்திரம் கவிழ்க்கும் தட்டில் நிறுத்திக் காயவைத்துவிட்டுப் படுத்தேன். சாயங்காலம் எழுந்து முதல் பக்கத்தை ஓட்டினேன்.

முதல் பாட்டு நன்றாகவே இருந்தது. இரண்டாவது பாட்டு 'ஓப்பன் யுவர் ஹார்ட்' பாதியில் 'டிக்' என்றது. மறுபடி 'டிக்'. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். பத்து 'டிக்'குக்கு 18 வினாடி. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி, கணக்கு இடிக்கவில்லை. அப்படியென்றால் கீறல் ஒன்றுதான், பள்ளங்களுக்குக் குறுக்கே விழுந்திருக்கிறது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். நகநீளத்துக்கு, முடி மாதிரி மெல்லிசாக ஒரு கோடு. ஏறக்குறைய 40 வினாடிக்கு அந்தச் சத்தம் இருக்கிறது. 'வெரி குட் ப்ளஸ்' என்று சீட்டு எழுதியவர் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். எனக்கு மனசு விட்டுப்போனது. 12 பவுண்டு எனக்குச் சின்னக் காசு இல்லை.

மறுநாள் காலை அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஊரில் மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு 74 வயது. காது இன்னும் கூர்மை. அம்மா முதலில் ஃபோனுக்குள் எட்டிப்பார்த்து, "இதுக்கா ஆயிரத்து முந்நூறு ரூவா? கழுத்துச் செயின வித்துப் பிளேட்டு வாங்குன மனுசனுக்குப் பொறந்தவதான" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். செயின் கதை உண்மை. 1978இல் ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயரும் நாலு குழாயும் வாங்க அம்மாவின் செயின்தான் போனது. கேசட் வந்த பிறகு தட்டுகளெல்லாம் பெட்டிக்குள் போயின. இருந்தாலும் அப்பா ஒரு தட்டைக்கூட எடைக்குப் போடவில்லை.

"எம்மா, அத வெளக்குப் பக்கம் கொண்டு போ. நேராக் காட்டாத, சாச்சுக் காட்டு. இன்னும் கொஞ்சம். நிப்பாட்டு."

நான் தட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் விளிம்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபோன் சர்க்கரை டப்பாமேல் சாய்ந்திருந்தது. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"முதப் பக்கத்துக் கீறல் கை தவறி விழுந்தது. அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. ஊசி தாண்டுதா?"

"தாண்டலப்பா, டிக் டிக்னு மட்டும் கேக்கு."

"அப்பம் பொழச்சுது. தாண்டுச்சுன்னா தலைமேல ஒரு நாலணாவ வச்சிரு."

அந்தக் காலத்து மைக்செட்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இது. கீறல் விழுந்த தட்டில் ஊசி ஒரே இடத்தில் சுற்றினாலோ எகிறினாலோ, ஊசித்தலைமேல் ஒரு காசை வைத்துவிடுவார்கள். பாரத்துக்கு ஊசி பள்ளத்தை விட்டு ஏறாது. என் பிளேயரில் ஊசி அழுத்தம் 2 கிராம்தான். அதற்குமேல் காசு வைத்தால் பள்ளத்தின் சுவரே தேய்ந்துவிடும் என்று நான் சொன்னேன். அப்பா ஒத்துக்கொண்டார். "தேயும்தான். ஆனா பொண்ணு மாப்பிள்ள மாலை மாத்துற நேரம் பாட்டு நிக்கக் கூடாதுல்லா" என்றார்.

பிறகு, "ரெண்டாம் பக்கத்தக் காட்டு" என்றார். காட்டினேன்.

இங்கேதான் அப்பா எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். ஆய்வகத்தில் 15 வருஷமாக மைக்ராஸ்கோப் பார்க்கிற எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"நடுவுல பாரு, ரெண்டு பாட்டுக்கும் எடையில ஒரு இருட்டு வளையம் வருதுல்லா, அதுல புள்ளி புள்ளியா இருக்கா? அங்கனதான் ஊசிய எறக்கிருக்காங்க. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, எத்தனையோ தடவ. கையால எறக்குனா இப்படித்தான் குத்தும்."

கைலென்ஸை எடுத்து வந்து பார்த்தேன். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ். ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் கொத்தாக இருந்தன. சில இரட்டையாக, ஊசி இறங்கி ஒரு துள்ளு துள்ளி மறுபடி உட்கார்ந்த மாதிரி. வேறு எந்தப் பாட்டுக்கு முன்னாலும் இப்படி ஒரு கொத்து இல்லை. லேபிளைப் பார்த்து எண்ணினேன். அந்த இடத்தில் ஆரம்பிப்பது 'செகண்ட்ஸ்'.

"இன்னொண்ணு பாரு. அதுக்கு அடுத்தாப்புல ரெண்டு பாட்டு இருக்கா? முதப் பாட்டு சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கடேசிப் பாட்டு பளபளன்னு இருக்கும். அந்தக் கடேசிப் பாட்ட யாரும் கேக்கல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கடைசிப் பாட்டுதான் 'டோன்ட் யூ வான்ட் மீ'.

இதன் கதை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு விசித்திரம் என்று புரியும். 1981 அக்டோபரில் ஆல்பம் வந்தது. அந்தப் பாட்டு ஓக்கிக்கே பிடிக்கவில்லை. ஆல்பத்திலேயே பலவீனமான பாட்டு என்று நினைத்தார். அதனால்தான் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார்கள். தனி சிங்கிளாக வெளியிடவும் அவர் சம்மதிக்கவில்லை. இசைத்தட்டு வெளியிட்ட வர்ஜின் கம்பெனி பிடிவாதமாக நவம்பர் கடைசியில் வெளியிட்டது. அது கிறிஸ்துமஸுக்கு முதலிடத்தைப் பிடித்து 5 வாரம் அங்கேயே நின்றது. பிரிட்டனில் மட்டும் 15 லட்சத்துக்கு மேல் விற்றது. 1982 கோடையில் அமெரிக்காவிலும் முதலிடம்.

தட்டில் கடைசி இடம் என்பது பெயருக்கு மட்டும் கடைசி இல்லை. தட்டு சுற்றும் வேகம் ஒன்றுதான். ஆனால் வெளிவிளிம்பில் வட்டம் பெரிது, லேபிள் அருகே சின்னது. வெளியே ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பள்ளம் ஊசிக்குக் கீழே ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 20 சென்டிமீட்டர் சொச்சமாகிவிடுகிறது. அதே ஒரு வினாடிச் சத்தத்தைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். அதனால் 'ச', 'ஷ' எல்லாம் அங்கே கரகரக்கும். "கடேசிப் பாட்டுக்கு எப்பவும் தொண்டை கட்டும்" என்று அப்பா சொல்வார். கொடை வீட்டில் முக்கியமான சாமி பாட்டு தட்டின் கடைசியில் இருந்தால் அவருக்கு எரிச்சலாக வரும்.

ஆக, பாடினவருக்குப் பிடிக்காத பாட்டு, தட்டிலேயே மோசமான இடத்தில் உட்கார்ந்து, உலகம் முழுக்க ஓடியது. 'டி' என்ற அந்த ஆள் மட்டும் அதைக் கேட்கவில்லை. 'செகண்ட்ஸ்' தொடங்கும் இடத்தில் ஊசியை இறக்கி, அதையும் அடுத்து வரும் 'லவ் ஆக்‌ஷ'னையும் கேட்டுவிட்டு, கடைசிப் பாட்டு ஆரம்பிப்பதற்குள் ஊசியைத் தூக்கியிருக்கிறார்.

"ஏன்பா தூக்கினாங்க? நல்ல பாட்டுதான அது?"

"ஏளா, நீதான சொன்ன, கிறிஸ்மஸுக்கு அதுதான் எல்லா எடத்துலயும் ஓடுச்சுன்னு. கடைக்குப் போனா அது, ரேடியோவத் தொறந்தா அது. வீட்டுக்கு வந்து, காசு கொடுத்து வாங்குன பிளேட்டுலயும் அதேதானா? ஓசியில கெடைக்கித பாட்டுக்கு எதுக்கு ஊசியத் தேய்க்கணும்?"

ஒரு ஊரே ஒரு பாட்டைப் பாடும்போது மைக்செட்காரர் வீட்டில் அந்தப் பாட்டு ஓடாது. எங்கள் வீட்டில் அப்பா தனக்கென்று கேட்டதெல்லாம் யாரும் கேட்டு வாங்காத தட்டுகளைத்தான். அதனால் அவருக்கு இது சட்டென்று விளங்கியது.

"நீ ஒருதடவ அந்தப் பாட்டப் போடு. ஃபோன ஸ்பீக்கருக்குப் பக்கத்துல வை" என்றார். 'செகண்ட்'ஸைத்தான் சொன்னார். புள்ளிகளுக்கு நடுவில் ஊசியை இறக்கினேன்.

ஏறக்குறைய 5 நிமிஷப் பாட்டு. 1963 நவம்பரில் அதிபர் கென்னடியைச் சுட்டுக் கொன்றதைப் பற்றியது. ஒரு உயிரை எடுக்க எத்தனை வினாடி ஆனது என்பதையே சுற்றிச் சுற்றி வருகிறது. சின்தசைசர் ஒலி தூரத்தில் மேகம் திரள்கிற மாதிரி எழும்பும். அதற்கடியில் முரசு விடாமல், யாருக்காகவும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஓக்கியின் குரல் கனமானது, அழுகிற குரல் இல்லை. நான் இதை முதல்முறை கேட்டபோது கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்துபோனேன். டிஸ்கோ விளக்குக்குக் கீழே ஆடுவதற்கான இசை என்றே சின்த்-பாப் எனும் இந்தச் சின்தசைசர் பாட்டுகளைப் பற்றி நினைத்திருந்தேன். அதில் இப்படி ஒரு துக்கத்தை வைக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை ஆங்கிலம் புரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கேட்டார்: "டிரம் அடிக்கது யாரு?"

"ஆள் கிடையாதுப்பா. மெஷின்."

"இல்ல. தோலுச் சத்தம் கேக்கு."

அவர் சொன்னது சரி. அதுவரைக்கும் வந்த டிரம் மெஷின்கள் மின்சுற்றால் முரசு மாதிரி ஒரு சத்தத்தை உண்டாக்கின. காதுக்கு அது 'டிக்', 'ட்ஸ்' என்றுதான் கேட்கும். 1980இல் அமெரிக்காவில் ரோஜர் லின் என்பவர் எல்எம்-1 என்று ஒரு மெஷினைக் கொண்டுவந்தார். உண்மையான டிரம்மை ஆள் வைத்து அடித்து, அந்த ஒலியை எண்களாக்கிச் சில்லுகளுக்குள் பதித்துவைத்தார். பொத்தானை அழுத்தினால் வருவது நிஜ முரசின் ஒலி. விலை 5,000 டாலரைத் தொட்டது. செய்ததே மொத்தம் 500 சொச்சம்தான். அன்றைக்கு நினைவகச் சில்லு அவ்வளவு விலை என்பதால், நீண்டு ஒலிக்கும் பெரிய சிம்பல் தாளத்தின் ஒலியை அதில் வைக்கவே முடியவில்லை. ஆரம்பத்திலேயே அது வந்து சேர்ந்த பிரிட்டிஷ் ஆல்பங்களில் ஒன்று 'டேர்'. அம்பாசமுத்திரத்துத் திண்ணையில் உட்கார்ந்து, வாட்ஸ்ஆப்பில் நசுங்கி வந்த சத்தத்தில், மெஷினுக்குள் இருந்த தோலை அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

அந்த மெஷினை வாங்கிப்போட்டவர் தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷென்ட். அதற்கு முன்பு ஸ்ட்ராங்லர்ஸ், பஸ்காக்ஸ் போன்ற கிட்டார் குழுக்களுக்குத் தயாரிப்பாளராக இருந்தவர். தேம்ஸ் ஆற்றுப் பக்கம் ஸ்ட்ரீட்லி என்ற கிராமத்தில் ஜெனெட்டிக் என்று தன் சொந்த ஸ்டூடியோ வைத்திருந்தார். அங்கே சின்தசைசரை வாசிக்கவைக்க ரோலண்ட் எம்சி-8 என்று ஒரு கருவி. வாசிக்கிற கீபோர்டு அதில் கிடையாது. இன்ன சுரம், இவ்வளவு நீளம், இவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொன்றையும் எண்ணாகத் தட்டச்சு செய்ய வேண்டும். 16 கிலோபைட் நினைவகம். எங்கள் ஆய்வகத்தில் பழைய கருவி ஒன்றில் ஒவ்வொரு மாதிரியின் எண்ணையும் இப்படித்தான் உள்ளிடுவோம். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ஒரு இலக்கம் மாறிப்போனால் மொத்தத்தையும் திரும்பத் தட்ட வேண்டும். அதனால் இந்தப் பாட்டுகளில் சுரங்கள் அடுக்கடுக்காக இறங்கும்போது எனக்கு அந்தப் பெட்டிமுன் குனிந்து உட்கார்ந்திருந்தவரின் முதுகுவலிதான் நினைவுக்கு வரும். மெஷின் தானாக வாசித்துவிடும் என்று சொல்பவர்கள் ஒருநாள் அப்படி எண் தட்டிப் பார்க்கட்டும். ரஷென்ட் 2011இல் காலமானார். இவருக்கு இன்னும் அதிகப் பெயர் கிடைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

ஆல்பத்தில் பாடுகிற இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1980 அக்டோபரில் குழு உடைந்தது. இசை தெரிந்த வேரும் மார்ஷும் பிரிந்துபோய் ஹெவன் 17 என்று தனிக்குழு தொடங்கினார்கள். மிச்சமிருந்தது பாடகர் ஓக்கியும், மேடையில் ஸ்லைடு படம் காட்டிக்கொண்டிருந்த ஏட்ரியன் ரைட்டும். குழுவின் பெயர் இவர்களுக்கு. கடனும் இவர்களுக்கு. சில நாளில் ஐரோப்பியப் பயணம் ஆரம்பமாக வேண்டும். ஓக்கி ஹை ஸ்ட்ரீட்டில் இருந்த கிரேஸி டெய்ஸி என்ற நடனக்கூடத்துக்குப் போனார். அங்கே ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளிக்கூடத் தோழிகளைப் பார்த்தார். சூசன் சல்லிக்கு 17 வயது, ஜோஆன் கேத்தரலுக்கு 18. இரண்டு பேரும் மேடையில் பாடியவர்கள் இல்லை. வருகிறீர்களா என்று கேட்டார். அவர்கள் அந்தப் பயணத்தில் பக்கத்து ஊரான டான்காஸ்டரில் நடக்கும் நிகழ்ச்சிக்கு ஏற்கெனவே டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள். பார்க்கப் போக வேண்டிய நிகழ்ச்சியில் மேடையில் நின்றார்கள். இன்றைக்கும் ஹியூமன் லீக் என்றால் ஓக்கியும் இந்த இரண்டு பேரும்தான்.

நான் வேலைக்குப் போகும் டிராம் ஹை ஸ்ட்ரீட் வழியாகத்தான் போகிறது. அங்கே கேஸில் ஸ்கொயர் நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் அந்த இரண்டு பெண்களை நினைத்துக்கொள்வேன். நானும் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு யாரையும் தெரியாது. என்னால் இது முடியுமா என்று ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கு முன்னாலும் வயிற்றைப் பிசையும். அவர்கள் குரலில் பயிற்சி இல்லை. சுரம் கொஞ்சம் தட்டையாகக்கூட நிற்கும். ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பேசுகிற ஷெஃபீல்டுப் பெண்ணின் குரல் அது. அந்த மெஷின்களுக்கு நடுவில் அது வரும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அடுத்த சனிக்கிழமை தட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கீறலைக் காட்டினேன். கடைக்காரர் விளக்கடியில் பார்த்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று உடனே சொன்னார். எனக்கு வேண்டியது அது இல்லை என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. இதைக் கொடுத்தது யார் என்று கேட்டேன். ஒரு வீட்டைக் காலிசெய்தபோது பெட்டியோடு வந்தது, அவ்வளவுதான் தெரியும் என்றார். எந்தத் தெரு என்றுகூட அவருக்கு நினைவில்லை. தட்டைத் திரும்ப உறையில் போட்டுக்கொண்டேன். கீறலுக்காக 4 பவுண்டு கழித்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

அந்த 4 பவுண்டுக்குப் புது உள்ளுறைகள் வாங்கினேன். பழைய காகித உறை தட்டைக் கீறும் என்பதால் தட்டை அதில் வைப்பதில்லை. ஆனால் 'டி, கிறிஸ்துமஸ் 81' என்று எழுதிய உறையை அட்டைக்குள்ளேயே இன்னொரு பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

கடைசிப் பாட்டை நான் கேட்டது அதற்கும் பிறகுதான். அதுவரை 'லவ் ஆக்‌ஷன்' முடிந்ததும் நானும் ஊசியைத் தூக்கிக்கொண்டிருந்தேன். ஏன் என்று தெரியாது, ஒரு மரியாதை மாதிரி. டிசம்பரில் ஒரு ராத்திரி தூக்காமல் விட்டேன். அப்பா சொன்னதற்கு மாறாக, தொண்டை கட்டவே இல்லை. நெருக்கமான பள்ளம்தான், இருந்தும் தேயாத பள்ளம். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. மதுக்கடைகளில் நூறு முறை கேட்ட பாட்டு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காதில் விழுந்தது. முதல் பாதியில் ஆண் பேசுகிறான்: நீ மதுக்கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்தாய், உன்னை ஆளாக்கியது நான். கையைத் தூக்கிக் கத்துகிற கூட்டத்துக்கு இது மட்டும்தான் கேட்கும். பிறகு சூசன் பாடுகிறார்: அங்கே வேலை பார்த்தது உண்மைதான், ஆனால் நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் இதைவிட நல்ல இடத்துக்கு வந்திருப்பேன் என்று எனக்கு அப்போதே தெரியும். கோபமே இல்லாமல் சொல்கிறார். நான் எழுந்து அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் போட்டேன்.

போன வாரம் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து, கைநடுக்கத்தோடு ஊசியை இறக்கினேன். 'செகண்ட்ஸ்' தொடங்கும் அதே இருட்டு வளையத்தில்தான். கை தவறியது. 'டொக்' என்று ஒரு சத்தம். பதறிப்போய் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். பழைய வெள்ளைப் புள்ளிகளின் கொத்துக்கு அரை மில்லிமீட்டர் தள்ளி, இன்னும் பளிச்சென்று, புதிதாக ஒரு புள்ளி.